விமானம் எத்தனைன்னு கடைசியா கேளுங்க: வெளிநாட்டுக்குப் படையை வானத்துல அனுப்பற கணக்கு

இந்த விஷயத்துல புதுசா ஆர்வம் வந்து நுழையறவங்க எல்லாரும் முதல்ல கேக்கறது ஒண்ணுதான், "நம்ம விமானப்படைகிட்ட எத்தனை சி-17 இருக்கு?" சி-17ங்கறது பெரிய ராணுவ சரக்கு விமானம், பதினொண்ணு இருக்கு, டெல்லி பக்கத்துல ஹிண்டன்ல நிக்குது. சரி, தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க? ஒரு விமானம் 77 டன் தூக்கும், 11 விமானம், அப்ப ஒரே தடவையில 847 டன்னு பெருக்கிட்டு உக்காந்துடறவங்கள நான் நிறைய பாத்திருக்கேன். அந்தக் கணக்கு முதல் வரியிலயே தப்பு, ஏன் தப்புங்கறதுதான் இந்த முழு கட்டுரையும்.

நான் பட்டாளத்துக்காரன் இல்ல, முன்னாடியே சொல்லிடறேன். மீனம்பாக்கம் கார்கோ பக்கம் சில வருஷம் வேலை பாத்தவன், பாலெட்டு (சாமான அடுக்கிக் கட்டற பலகை), வலை, எடைச்சீட்டுன்னு பழகினவன். அந்த ஆர்வத்துல மிலிட்டரி ஏர்லிஃப்ட் பத்தி கைக்கு கிடைச்சதெல்லாம் படிச்சு சொந்தமா கணக்கு போட்டு பழகிகிட்டேன். டிஃபன்ஸ் ஸ்டடீஸ் படிக்கற பசங்க, வார்கேம் ஆடறவங்க, நிவாரண வேலையில லாஜிஸ்டிக்ஸ் பாக்கறவங்க, இவங்களுக்கெல்லாம் ஒரு ஆரம்பமா இருக்கட்டும்.

கல்யாண பந்தி தெரியும்ல, அதேதான் இதுவும். ஹால்ல 200 இலை போட இடம் இருக்கு, ஒரு பந்தி உக்காந்து சாப்ட்டு எந்திரிச்சு தொடச்சு அடுத்த இலை போட 40 நிமிஷம் ஆகுது, பதினொண்ணுல இருந்து ரெண்டரை வரைக்கும் மூணரை மணி நேரம் இருக்கு. அஞ்சு பந்தி, ஆயிரம் பேர். பின்னாடி சமையக்கட்டுல இன்னும் பத்து அண்டா சாம்பார் வச்சாலும் ஆயிரத்து ஒண்ணாவது ஆளுக்கு இலை கிடையாது. விமானம்ங்கறது சாம்பார் அண்டா. போய் இறங்கற ஊர்ல இருக்கற நிறுத்துமிடம்தான் இலை. இத மனசுல வச்சுகிட்டு ஒரு எக்செல் ஷீட்ட திறந்துக்கோங்க.

முதல்ல லிஸ்ட்டு, அதுல பாதிய அடிங்க

என்ன போகணும்னு லிஸ்ட் எடுக்கறதுக்கு முன்னாடி என்ன வானத்துல போகக்கூடாதுன்னு முடிவு பண்ணுங்க. 1990-91 வளைகுடா போர்ல அமெரிக்கா சவுதிக்கு ஆளுங்கள கிட்டத்தட்ட எல்லாரையும் விமானத்துல கொண்டு போச்சு, ஆனா சாமான்ல பெரும்பங்கு போனது கப்பல்ல. உலகத்துலயே பெரிய விமானக் கூட்டம் வச்சிருந்தவங்களுக்கே அதுதான் நிலைமை. கப்பல் போய் சேர மூணு வாரம் ஆகும்னா, அந்த மூணு வாரத்துக்குள்ள அங்க இல்லாம முடியாதுங்கறது மட்டும்தான் உங்க லிஸ்ட்டுல இருக்கணும், மிச்சத்த துறைமுகத்துக்கு அனுப்புங்க. இதுக்கு நிறைய சண்டை வரும், ஏன்னா ஒவ்வொரு யூனிட்டும் தன்னோட சாமான்தான் முதல்ல போகணும்னு நிக்கும், அந்த சண்டைய பேப்பர்ல இப்பவே போட்டு முடிச்சுடறது நல்லது, ஏப்ரான்ல, அதாவது விமானம் நிறுத்தி சாமான் ஏத்தி எறக்கற தளத்துல, நின்னுகிட்டு போடக்கூடாது.

மிஞ்சின லிஸ்ட்டுல ஒவ்வொரு அயிட்டத்துக்கும் எடை, நீளம், அகலம், உயரம், எந்த தேதிக்கு அங்க இருக்கணும், இதுக்கெல்லாம் தனித்தனி காலம் (column) வேணும். எடைய கம்பெனி கேட்லாக்ல இருந்து எடுக்காதீங்க. லாரில தண்ணி டேங்க், ஸ்பேர் டயர், டூல் பாக்ஸ், டிரைவர் ஒளிச்சு வச்ச அடுப்பு எல்லாம் ஏறி இருக்கும். எடை மேடையில ஏத்தி, ஒவ்வொரு ஆக்ஸிலுக்கும் தனித்தனியா எடை போட்டு எழுதுங்க, ஏன்னா விமானத்தோட தரை மொத்த எடைய பாக்காது, சக்கரம் அழுத்தற அந்த ஒரு இடத்துல எவ்வளவுன்னுதான் பாக்கும்.

அளவு விஷயத்துல எனக்கு ஒரு பாடம் கிடைச்சது. ஒரு ஜெனரேட்டர் செட்டு, அனுப்பறவங்க கொடுத்த உயரம் சரியாத்தான் இருந்துச்சு, ஆனா அது கீழ ஒரு மரச்சட்டத்து மேல உக்காந்திருந்துச்சு, சட்டத்தோட உயரத்த யாரும் கூட்டல. ராத்திரி ரெண்டு மணிக்கு விமானத்து வாசல்ல பத்து சென்டிமீட்டர் இடிக்குது. கார்பெண்டர தேடி எழுப்பி, ரம்பம் வந்து அறுத்து முடிக்கறதுக்குள்ள அந்த ஃப்ளைட் போயிடுச்சு. அன்னிலேர்ந்து டேப்பு நானே பிடிக்கறேன்.

லிஸ்ட் தயாரானா மூணா பிரிங்க. பாலெட்டுல அடங்கறது ஒரு வகை. மிலிட்டரி பாலெட்டுக்கு ஒரு ஸ்டாண்டர்டு உண்டு, 463எல்னு பேரு, 88 இஞ்சுக்கு 108 இஞ்சு அலுமினியப் பலகை, 10,000 பவுண்டு வரைக்கும் தாங்கும், அதாவது நாலரை டன். சி-17ல இதுமாதிரி 18 போகும், அதவிட சின்ன சரக்கு விமானமான சி-130ஜேல, அதோட நீள ரகத்துல, 8. பாலெட்டுல அடங்காத, ஆனா சாதாரண மிலிட்டரி விமானத்துல நுழையற ஜீப்பு லாரி மாதிரி சாமான் ரெண்டாவது வகை. மூணாவது, பெரிய வாய் உள்ள விமானத்துல மட்டுமே போறது. இந்த மூணாவதுதான் உங்க தலைவலி. ஆவடியில செய்யற அர்ஜுன் டாங்க எடுத்துக்கோங்க, அகலம் 3.8 மீட்டருக்கு மேல, நம்மகிட்ட இருக்கற ரஷ்ய சரக்கு விமானம் ஐஎல்-76 வயித்தோட அகலம் 3.45 மீட்டர்தான். எடை எல்லாம் அப்புறம், நுழையவே நுழையாது. சி-17 உள்அகலம் அஞ்சரை மீட்டர், அதுல ஒண்ணே ஒண்ணு போகும். அப்ப உங்க லிஸ்ட்டுல மூணாவது வகை நாலு அயிட்டம் இருந்தா, மத்த விமானம் எத்தனை சும்மா நின்னாலும் அந்த நாலும் சி-17க்கு கியூவுல நிக்கணும்.

இன்னொண்ணு, எடை தீர்றதுக்கு முன்னாடி இடம் தீர்ந்துடும். கூடாரம், மெத்தை, மருந்துப் பெட்டி எல்லாம் பஞ்சு மாதிரி, விமானம் ரொம்பிடும் ஆனா தூக்கறது பாதி எடைதான். தண்ணியும் குண்டும் நேர் எதிர், தரையில ரெண்டு வரிசை வச்சா எடை முடிஞ்சிடும், மேல முழுக்க காத்துதான். ரெண்டையும் கலந்து ஏத்தறது ஒரு கலை.

ஒரு விமானத்துக்கு எவ்வளவுன்னு நேர்மையா எழுதறது

சி-17 அதிகபட்சம் 77 டன்னு சொன்னேன். ஆனா அமெரிக்க விமானப்படையோட பிளானிங் கையேட்டுல அதுக்கு சராசரின்னு போட்டிருக்கறது 45 ஷார்ட் டன், நம்ம கணக்குல சுமார் 41 டன். சி-130க்கு 12 ஷார்ட் டன்தான். (ஷார்ட் டன்னா 907 கிலோ, இத கவனிக்காம ரெண்டு நாட்டு ஷீட்ட ஒட்டினா பத்து பர்சென்ட் கணக்கு காணாம போகும்.) 77 எப்படி 41 ஆச்சு? இடம் முதல்ல தீர்ந்துடறது ஒரு காரணம். இன்னொரு காரணம் தூரம். சி-17ல சுமார் 74 டன் ஏத்தினா நடுவுல எண்ணெய் போடாம சுமார் 4400 கிலோமீட்டர்தான் போகும், அதுக்கு மேல போகணும்னா சாமான எறக்கிட்டு அந்த எடைக்கு எரிபொருள் ஏத்தணும். எண்ணெயும் சாமானும் ஒரே தராசுத் தட்டுல இருக்கு.

போற ஊர் உயரமாவும் சூடாவும் இருந்தா இன்னும் குறையும். லே மாதிரி 3200 மீட்டருக்கு மேல இருக்கற ஏர்ஃபீல்டுல விமானமெல்லாம் காலையிலயே வந்து போயிடப் பாக்கறதுக்கு அதுவும் ஒரு காரணம், வெயில் ஏறினா காத்து லேசாகிடும், இறக்கையும் இன்ஜினும் சொணங்கும்.

நேர்மையில்லாத எண் என்ன பண்ணும்னு பாக்கணும்னா 1942 ஸ்டாலின்கிராட். சுத்தி வளைக்கப்பட்ட ஜெர்மன் ஆறாவது படைக்கு குறைஞ்சது ஒரு நாளைக்கு 300 டன்னாவது வேணும், வானத்துலயே கொடுத்துடலாம்னு ஜெர்மன் விமானப்படைத் தலைவர் கோரிங் வாக்கு கொடுத்துட்டாரு. போய் சேந்தது சராசரியா 100 டன் சொச்சம். பனி, எதிரி விமானம், பழுது எல்லாம் இருந்துச்சு, ஆனா வளையத்துக்குள்ள நல்லா இறங்கற மாதிரி இருந்த பெரிய ஏர்ஃபீல்டு பித்தோம்னிக் ஒண்ணுதான், அதையும் 1943 ஜனவரி நடுவுல சோவியத் படை பிடிச்சதுக்கப்புறம் பேச்சே இல்ல. இலை போட இடம் போயிடுச்சு.

வழி

மேப்புல ஸ்கேல் வச்சு நேர் கோடு போட்டு தூரம் எழுதாதீங்க. ஒவ்வொரு நாட்டு வானத்துலயும் ராணுவ விமானம் பறக்க அந்த நாட்டோட டிப்ளமாட்டிக் கிளியரன்ஸ் வேணும், அதுக்கு நாள் ஆகும், உள்ள ஆயுதம் இருக்கான்னு கேப்பாங்க, சில சமயம் முடியாதுன்னுடுவாங்க.

1973 அக்டோபர்ல இஸ்ரேலுக்கு அமெரிக்கா சாமான் தூக்கினப்ப ஐரோப்பா நட்பு நாடெல்லாம் எங்க மண்ணுல இறங்காதன்னு கைய விரிச்சிட்டாங்க, போர்ச்சுகல் மட்டும் அட்லாண்டிக் நடுவுல இருக்கற அசோர்ஸ் தீவுல லாஜஸ் தளத்த கொடுத்துச்சு. அங்க இறங்கி எண்ணெய் போட்டு, மெடிட்டரேனியன் கடல் நடுவாலயே, எந்த நாட்டுக் கரையையும் தொடாம பறந்து போனாங்க. 32 நாள், சுமார் 22,000 டன். லாஜஸ் மட்டும் இல்லன்னா அமெரிக்காவோட சி-141 சரக்கு விமானமெல்லாம் அவ்வளவு தூரம் சாமானோட போயிருக்க முடியாது, அதுல அப்போ வானத்துலயே எண்ணெய் வாங்கற வசதி கிடையாது. அந்த அனுபவத்துக்கு அப்புறம்தான் சி-141கள நீட்டி, அந்த வசதியையும் வச்சாங்க. உங்க ஷீட்டுல வழிக்குன்னு ரெண்டு வரி வைங்க, ஒண்ணு எல்லாரும் சரின்னா போற வழி, இன்னொண்ணு ஒரு முக்கியமான நாடு முடியாதுன்னா போற வழி. ரெண்டாவது வழிக்கு பேலோடு, அதாவது ஏத்தக்கூடிய சாமான் எடை, எவ்வளவு குறையுதுன்னு தனியா எழுதுங்க, அதுதான் நீங்க தைரியமா சொல்லக்கூடிய எண்.

போய் இறங்கற இடம்

இங்கதான் எல்லாம் இருக்கு, இங்க நேரம் செலவு பண்ணுங்க.

முதல்ல சரியான ஏர்ஃபீல்டான்னு பாருங்க, சிரிக்காதீங்க. 1988 நவம்பர் 3ந் தேதி மாலத்தீவுல கலகம்னு தகவல் வந்து, அன்னிக்கு ராத்திரியே ஆக்ராவுல இருந்து பாராசூட் படைய ஐஎல்-76ல ஏத்தி 2000 கிலோமீட்டருக்கு மேல பறந்து ஹுல்ஹுலே தீவுல இறக்கினாங்க, சுத்தி கடல், நடுவுல ஒரு ரன்வே, அவ்வளவுதான் அந்த தீவு. அதுக்கு முன்னாடி திட்டம் போடும்போது மேஜையில விரிச்சு வச்சிருந்த வரைபடம் ஹுல்ஹுலேவோடது இல்ல, எங்கயோ தெற்க இருக்கற கான் தீவு ஏர்ஃபீல்டோடதுன்னு மாலத்தீவுக்கான நம்ம தூதர் பாத்து திருத்தினதா சொல்வாங்க. நல்லவேளை அவர் அந்த நேரம் டெல்லியில இருந்தாரு.

அப்புறம் ரன்வே நீளம், அகலம், தாங்கற சக்தி. தாங்கற சக்திக்கு முன்னாடி பிசிஎன்னு ஒரு எண் கொடுப்பாங்க, 2024 கடைசியில இருந்து பிசிஆர்னு மாத்தியிருக்காங்க, பழைய புத்தகத்துல இருக்கற எண்ணையும் புது எண்ணையும் ஒப்பிட்டுடாதீங்க, ரெண்டும் வேற அளவுகோல். ஒரு தடவை இறங்க தாங்கற தரை ஐம்பது தடவை தாங்காது. 2015 நேபாள பூகம்பம் அப்ப காட்மாண்டுல ஒரே ரன்வே, உலகமே நிவாரணம் அனுப்புது, நிறுத்த இடமில்லாம பல விமானம் வானத்துல சுத்திட்டு திரும்பிப் போச்சு, சில நாள்ல ரன்வே சேதமாகி பெரிய விமானத்த வராதன்னு சொல்ல வேண்டியதாப் போச்சு.

அடுத்து, ஒரே நேரத்துல எத்தனை விமானம் தரையில நின்னு வேலை நடக்கும். இதுக்கு மாக்னு பேர், மேக்ஸிமம் ஆன் கிரவுண்டுங்கறதோட சுருக்கம். இதுல ரெண்டு இருக்கு, புதுசா வர்றவங்க எப்பவும் குழப்பிக்குவாங்க. நிறுத்தற மாக் ஒண்ணு, வேலை பாக்கற மாக் ஒண்ணு. ஏப்ரான்ல ஆறு விமானம் நிக்க இடம் இருக்கலாம், ஆனா பாலெட் எறக்கற லோடர் ஒண்ணுதான் இருக்குன்னா வேலை நடக்கறது ஒரு விமானத்துலதான், மிச்சம் அஞ்சும் நின்னு வேடிக்கை பாக்கும். எண்ணெய் போடற பவுசர் லாரி, ஆளு, வெளிச்சம், எல்லாத்துக்கும் தனித்தனியா இந்த எண் போட்டு அதுல எது சின்னதோ அத எடுக்கணும்.

2010 ஜனவரி ஹைட்டி பூகம்பம் இதுக்கு பாடப்புத்தகம் மாதிரி. போர்ட்-ஓ-பிரின்ஸ்ல ஒரே ரன்வே, பக்கவாட்டு டாக்ஸிவே (ரன்வேய விட்டு விமானம் உருண்டு போற பாதை) கிடையாது, கண்ட்ரோல் டவர் சேதம். முதல் நாட்கள்ல அமெரிக்க விமானப்படை கண்ட்ரோலர்கள் புல்லு ஓரமா ஒரு மடக்கு மேஜைய போட்டு ரேடியோ வச்சு விமானத்த இறக்கினாங்க. உலகத்துல எல்லா நாடும் விமானம் அனுப்ப ரெடி, சாம்பார் அண்டா அண்டாவா நிக்குது, இலை இல்ல. கடைசியில ஸ்லாட் கொடுத்து, இந்த நேரத்துக்கு வா இல்லன்னா வராதன்னு முறை வச்சப்பதான் ஒழுங்குக்கு வந்துச்சு. அதுலயும் யாருக்கு முதல் ஸ்லாட்டுன்னு பெரிய சண்டை, மருத்துவ விமானத்த பக்கத்து நாட்டுக்கு திருப்பி விட்டாங்கன்னு கோபம்.

எண்ணெய் அங்க கிடைக்குமா, கிடைச்சா ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர்? கிடைக்காதுன்னா திரும்பி வர்ற எண்ணெயையும் சுமந்துகிட்டு போகணும், அல்லது சாமான எறக்கிட்டு பக்கத்துல எண்ணெய் இருக்கற ஊருக்கு ஒரு குட்டித் தாவல் தாவணும். ராத்திரி விளக்கு இருக்கா? 2023 ஏப்ரல்ல சூடான்ல மாட்டிகிட்டவங்கள வாடி சையித்னாங்கற இடத்துல இருந்து நம்ம சி-130ஜே ராத்திரில போய் 121 பேர ஏத்திகிட்டு வந்துச்சு, ரன்வே மோசம், விளக்கு கிடையாது, பைலட்டுங்க நைட் விஷன் கண்ணாடி போட்டுகிட்டு இறங்கினாங்க. பிரமாதமான வேலை, சந்தேகமே இல்ல. ஆனா அது ஒரு தடவை பண்றது. தினம் நாலு விமானம்னு பதினஞ்சு நாளைக்கு திட்டம் போடும்போது அந்த சாகசத்த சராசரியா வச்சுக்கக் கூடாது.

இப்ப கணக்கு

எல்லாம் நானே வச்சுகிட்ட எண், உங்க எண்ண போட்டுக்கோங்க. 900 டன் சாமான், டெல்லியில இருந்து கிழக்கு ஆப்பிரிக்கா பக்கம் 5000 கிலோமீட்டர், சி-17, சராசரி 40 டன். 900ஐ 40ஆல வகுத்தா இருபத்திரண்டரை, 23 நடை.

ஒரு நடைக்கு எவ்வளவு நேரம்? ஏறி இறங்கறதெல்லாம் சேத்து மணிக்கு 750 கிலோமீட்டர்னு போட்டா போக 6 மணி 40 நிமிஷம், வர அதே அளவு, 13 மணி 20 நிமிஷம். இங்க ஏத்த மூணரை மணி, அங்க எறக்க மூணு மணி. இருபது மணி நேரம் கிட்ட வருது, மெயின்டனன்ஸ், தாமதம் எல்லாம் சேத்து ஒரு நாளைக்கு ஒரு நடைன்னு வைங்க. கையில 11 விமானம் இருந்தாலும் பராமரிப்பு, பயிற்சி, வேற வேலைன்னு போக உங்களுக்கு கொடுக்கறது நாலுன்னா, 23ஐ நாலால வகுத்து ஆறு நாள். சந்தோஷம்.

இப்ப அந்த ஊரு பக்கம் இருந்து பாருங்க. வேலை பாக்கற மாக் ஒண்ணு, பகல்ல மட்டும் பத்து மணி நேரம், எறக்க மூணு மணி. பத்த மூணால வகுத்தா மூணு சொச்சம், ஆனா விமானம் கடிகாரம் மாதிரி வந்து நிக்காது, ஒண்ணு லேட்டாகும், ரெண்டு சேந்து வரும், அதுக்காக 0.85ஆல பெருக்கணும்னு அந்த அமெரிக்கக் கையேட்டுல ஒரு வழக்கம். 2.8 விமானம் வருது, 40 டன்னால பெருக்கினா ஒரு நாளைக்கு 113 டன். 900 டன் முடிய எட்டு நாள். உங்க நாலு விமானத்துல தினம் ஒண்ணேகால் விமானம் சும்மா. இந்த நேரத்துல மேல போய் இன்னும் ரெண்டு சி-17 கொடுங்க சார்னு கெஞ்சி வாங்கினாலும் அதே எட்டு நாள்தான்!

அதே இடத்துல இன்னொரு லோடரும் பழகின ஆளும் அனுப்பி, எறக்கற நேரத்த ஒன்றரை மணியா குறைச்சா? தரை 226 டன் விழுங்கும். இப்பதான் விமானம் தடையாகுது, நாலு விமானம் 160 டன், மறுபடி ஆறு நாள். ஒரு ஃபோர்க்லிஃப்டோட விலைக்கும் சி-17 விலைக்கும் உள்ள வித்தியாசத்த நினைச்சு பாருங்க.

ஷீட்டுல எப்பவும் இந்த ரெண்டு எண்ணும் பக்கத்து பக்கத்துல இருக்கணும், வானம் எவ்வளவு கொண்டு வரும், தரை எவ்வளவு வாங்கும், எது சின்னதோ அதுதான் உங்க திறன். 1948-49ல சோவியத் தரைவழிய அடைச்சப்ப மேற்கு பெர்லினுக்கு வானத்துலயே சாமான் அனுப்பின வேலைய நடத்தின அமெரிக்க ஜெனரல் டன்னர் இதத்தான் பண்ணாரு. பைலட் விமானத்த விட்டு எறங்கி கேன்டீன் போகக்கூடாது, டீயும் ரொட்டியும் வானிலை சீட்டும் வண்டியில விமானத்துக்கே வரும், எறக்கி முடிச்ச உடனே கிளம்பணும், ஒரு தடவை இறங்க முடியாம போச்சுன்னா இன்னொரு சுத்து கிடையாது, சாமானோட அப்படியே திரும்பிடணும், ஏன்னா பின்னாடி மூணு நிமிஷத்துல இன்னொண்ணு வருது. சின்ன சி-47க்கு பதிலா மூணு மடங்கு தூக்கற சி-54, ஏன்னா ரெண்டுக்கும் ஒரே இலைதான். அதுவும் போதலன்னு டெகெல்ல புதுசா ஒரு ஏர்ஃபீல்டே கட்டினாங்க, ஊர் ஜனம் ஆயிரக்கணக்குல, அதுல பெண்கள் நிறைய, மண்ணு சுமந்து மூணு மாசத்துக்குள்ள முடிச்சாங்க. மொத்தம் 23 லட்சம் டன் போச்சு.

ஆளுங்க

விமானம் 24 மணி நேரம் ஓடும், பைலட் ஓட மாட்டாரு. அமெரிக்க முறையில சாதாரண க்ரூவுக்கு 16 மணி நேரம் டியூட்டி, கூடுதல் பைலட் இருந்தா 24. நம்ம இருபது மணி நேர சுத்துக்கு ஒண்ணு கூடுதல் பைலட் வேணும், இல்ல வழியில ஒரு ஊர்ல தூங்கி எந்திரிச்ச க்ரூ காத்திருக்கணும், அவங்களுக்கு ரூம், வண்டி, சாப்பாடு, விசா எல்லாம் உங்க ஷீட்டுல வரணும். நாலு விமானத்துக்கு நாலு க்ரூன்னு எழுதியிருக்கற திட்டத்த பாத்தா அதுக்கு மேல படிக்க வேண்டாம்.

படைவீரங்கள முடிஞ்ச வரைக்கும் பயணிகள் விமானத்துல அனுப்புங்க. 1990 ஆகஸ்டுல அமெரிக்கா தன் நாட்டு ஏர்லைன்ஸ் விமானங்கள சட்டப்படி கூப்பிட்டுச்சு, அந்த ஏற்பாட்ட முதல் தடவையா பயன்படுத்தினது அப்பதான். சி-17ல ஆளுங்கள ஏத்தினா அது பெரிய டாங்க் போக வேண்டிய இடம். சொந்தமா பெரிய விமானம் இல்லாதவங்க வாடகைக்கு எடுக்கறதும் உண்டு, 2013ல மாலிக்கு போன பிரான்ஸ் நட்பு நாடுகளோட சி-17ஐயும் வாடகை அன்டோனோவையும் நம்பித்தான் போச்சு. ஆனா எல்லாருக்கும் அவசரம்னா வாடகை விமானமும் கிடைக்காது, அத மறந்துடாதீங்க.

கட்டறது

புதுசா வர்றவங்க இத சின்ன விஷயம்னு தாண்டிடுவாங்க. 2013 ஏப்ரல் 29ந் தேதி ஆப்கானிஸ்தான் பக்ராம்ல ஒரு 747 சரக்கு விமானம் அஞ்சு கவச வண்டியோட ஏறின உடனே வண்டி அவுந்து பின்னாடி போய், விமானம் மூக்கு தூக்கி அப்படியே விழுந்துச்சு, ஏழு பேரும் போயிட்டாங்க. கட்டின முறையே அந்த எடைக்கு போதாதுன்னு விசாரணையில வந்துச்சு. மிலிட்டரி விமானத்துல முன் பக்கமா எடையோட மூணு மடங்கு விசைக்கு தாங்கற மாதிரி கட்டணும்னு வழக்கம், அதாவது பத்து டன் வண்டிக்கு முப்பது டன் தாங்கற செயின். விமானத்துல சாமான் ஏத்தறதுக்கு பொறுப்பான லோடு மாஸ்டர் வேண்டாம்னா வேண்டாம்தான், அங்க ரேங்க் பேசாதீங்க. பெட்ரோல், பேட்டரி, ஆக்ஸிஜன் சிலிண்டர், வெடிமருந்து இதெல்லாம் எது பக்கத்துல எது வைக்கலாம்னு தனி விதி, அதுக்குன்னு கையெழுத்து போடத் தகுதி உள்ள ஆள் கிளம்பற இடத்துல இருக்கணும். வண்டி சக்கரத்துல மண்ணு ஒட்டியிருந்தா ஆஸ்திரேலியா மாதிரி நாட்டுல கழுவிட்டு வான்னு நிறுத்திடுவாங்க, இங்கயே கழுவி அனுப்புங்க.

முதல் விமானத்துல என்ன

பெரிய அதிகாரிங்க இல்ல, டாங்க்கும் இல்ல. ஃபோர்க்லிஃப்ட், லோடர், அத ஓட்டத் தெரிஞ்சவங்க, ஏப்ரான்ல விமானத்த வழி காட்டி நிறுத்தறவங்க, ரேடியோ, ஜெனரேட்டர், விளக்கு, காவலுக்கு கொஞ்சம் பேர், தண்ணி. பாலெட் எறக்கற மெஷினே பத்தாவது விமானத்துல வருதுன்னா முதல் ஒன்பது விமானத்த கையால எறக்கணும், அத செஞ்சு பாத்தவங்ககிட்ட கேளுங்க.

எறக்கின சாமான் ஏப்ரான்லயே கிடந்தா அதுவும் இலைய அடைச்சுக்கும், அதனால ரெண்டாவது விமானத்துக்குள்ள அங்கிருந்து வெளிய தூக்கிட்டு போக லாரி ஏற்பாடு இருக்கணும். காலி பாலெட்டும் வலையும் திரும்பி வரணும், இல்லன்னா நாலாவது நாள் இங்க கட்டறதுக்கு பாலெட் இருக்காது, இது நான் கண்ணால பாத்த கூத்து.

ஷீட்டுல கடைசியா ரெண்டு காலம் (column) காலியா விடுங்க, விமானம் வந்து நின்ன நேரம், கிளம்பின நேரம். ரெண்டாவது நாள் ராத்திரி உக்காந்து அத ரொப்பி சராசரி எடுங்க. மூணு மணின்னு நீங்க எழுதின இடத்துல நாலு மணி பத்து நிமிஷம்னு வந்திருந்தா, அடுத்த நாள் காலையில ஹிண்டனுக்கு போன் போட்டு அஞ்சாவது விமானம் கேக்காதீங்க, இன்னொரு ஃபோர்க்லிஃப்டும் தூங்கி எந்திரிச்ச ரெண்டு டிரைவரும் கேளுங்க.